எதற்கென்று சொல்லாமல் வாங்கிய கேமரா

பர்ச்சேஸ் செக்‌ஷனில் பதினேழு வருடம் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவர் வெங்கடகிருஷ்ணன். ராணுவத்துக்குக் கருவிகள் செய்யும் மத்திய அரசு நிறுவனம் எங்களுடையது. ஹைதராபாத் முழுக்க சாஃப்ட்வேர், ஹைடெக் சிட்டி என்று பறந்துகொண்டிருந்த காலத்திலும் நாங்கள் நாடா போட்டுக் கட்டிய ஃபைல்களோடுதான் கிடந்தோம். எங்களுக்குச் சரக்கு விற்க வருகிறவனை ‘பார்ட்டி’ என்போம். பார்ட்டியிடம் என்ன வேண்டும் என்று சொல்லலாம், எத்தனை வேண்டும் என்று சொல்லலாம். எதற்கு என்று மட்டும் மூச்சுவிடக் கூடாது. சொன்னால் ஒன்று ரகசியம் போகும், இல்லாவிட்டால் விலை ஏறும். நாங்கள் எல்லோரும் இந்த விதியை ஐந்து மணிக்கு டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். வெங்கடகிருஷ்ணன் அதைக் கையோடு லோத்குண்டாவில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

பல் டாக்டரிடம் போவதைக்கூட பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் மனைவி கல்பகத்திடம் சொல்வார். மகள் ஹம்ஸினிக்கு மாதாப்பூரில் வேலை கிடைத்தபோது எங்களுக்கு ஸ்வீட் டப்பாவை நீட்டினார். என்ன விசேஷம் என்று நாங்கள் எட்டுப் பேர் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு, “வீட்ல ஒரு நல்ல சமாசாரம்” என்றார். என்ன சமாசாரம் என்பதை நான் வீட்டுக்குப் போய் என் மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கெட்டவர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஒருவரைப் பற்றியும் புறம் பேசமாட்டார். ஆனால் கல்லுளிமங்கன். சில நாள் எனக்கு அவரைத் தோளைப் பிடித்து உலுக்கிவிடலாமா என்று இருக்கும்.

2005 ஜூலையில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மேஜை மேல் ஒரு நீளத் தாளை விரித்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூன்று பார்ட்டிகளின் சரக்கைக் கட்டம் போட்டு எதிரெதிரே எழுதி ஒப்பிடும் தாள். கேட்டதெல்லாம் இருக்கிற சரக்கில் எது விலை குறைவோ அதற்கு ‘எல்-ஒன்’ என்று பெயர். எல்-ஒன்னை விட்டுவிட்டு வேறு எதையும் வாங்கினால் ஆடிட்காரன் பத்து வருடம் கழித்தும் வந்து கழுத்தைப் பிடிப்பான். அதனால் எங்கள் ஆட்களுக்கு எல்-ஒன் என்பது வேதவாக்கு.

“யாரோட டெண்டர் சார் இது?” என்றேன்.

“ஆபீஸ் இல்லை. சொந்த உபயோகம். டிஜிட்டல் கேமரா வாங்கலாம்னு.”

“பெரிசா?”

“இல்லை, சின்னது. சட்டைப் பையில போற மாதிரி.”

“எதுக்கு சார்?”

என்னைப் பார்த்தார். பதினேழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனும் ஒரு பார்ட்டிதான் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது.

“பொதுவா எடுக்கறதுக்குத்தான்” என்றார்.

தாளைக் குறை சொல்ல முடியாது. கம்பெனிப் பெயர் எழுதாமல் ஏ, பி, சி என்று போட்டிருந்தார். பதினாலு கட்டம். எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஸூம், திரை என்ன அகலம், எடை எவ்வளவு, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி போடலாமா, வாரன்டி எத்தனை மாதம், செகந்திராபாத்தில் ரிப்பேர் கடை உண்டா. அல்வால் நெட் சென்டரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேகரித்திருக்கிறார். வீட்டிலேயே கம்ப்யூட்டர்காரி ஒருத்தி இருக்கிறாளே, அவளைக் கேட்கக் கூடாதா என்றேன். கேட்டாராம். “அப்பா, ஃபர்ஸ்ட் டெல் மீ வாட் யூ வான்ட் டு ஷூட்” என்றாளாம் ஹம்ஸினி. அதோடு விட்டுவிட்டார்.

சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு அபிட்ஸுக்குப் போனார். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் ஒன்றும் தெரியாது. நான் போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், கடைக்காரர்களோடு பேச என் தக்கனி உருது உதவும் என்று கூட்டிப் போனார். ஐந்து கடை ஏறி இறங்கினோம். கடைசியாக ஒரு சந்துக்குள் லதீஃப் பாய் என்பவருடைய கடை. ஐம்பது வயது இருக்கும், மருதாணி போட்ட தாடி, கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வெங்கடகிருஷ்ணன் தாளை நீட்டினார். லதீஃப் பாய் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“கைக்கு லேரே சாப், கேமரா?” என்றார். எதற்கு வாங்குகிறீர்கள் என்று.

“ஜெனரல் பர்பஸ்.”

“ஜெனரல் போலே தோ? குழந்தைங்களா, கல்யாணமா, ஊர் சுத்தறதுக்கா? யார எடுக்கப் போறீங்க?” இதையும் அவர் பாஷையில்தான் கேட்டார்.

“‘அது உனக்கு எதுக்கு, ஜெனரல்’னு சொல்லுங்கோ தனசிங்” என்று என் காதில் சொன்னார் வெங்கடகிருஷ்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் அப்படியே சொன்னேன். லதீஃப் பாய் என்ன நினைத்தாரோ, உள்ளேயிருந்து சோப்புக்கட்டி அளவில் வெள்ளிநிறக் கேமரா ஒன்றை எடுத்துவந்தார். என் பக்கம் திருப்பினார். நான் வாயைத் திறந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் எடுத்துவிட்டார். திரையில் வாய் பிளந்த என் முகம். “தபாயே கீ ஹோகயா, சாப்” என்றார். அழுத்தின மாத்திரத்தில் எடுத்துவிடும் என்று அர்த்தம்.

அதுதான் தாளில் ‘சி’. வெங்கடகிருஷ்ணன் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். ஸூம் ஒரு மடங்கு குறைவு. பென்சில் பேட்டரி போடாது, அதற்கென்றே தனி பேட்டரி. அழுத்தியதற்கும் எடுப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்குத் தாளில் கட்டமே கிடையாது. ஒரு கம்பெனியும் அதைப் பெட்டி மேல் போடுவதில்லை. “சி ரிஜெக்டட்” என்றார். கேட்டதெல்லாம் இருந்து விலையும் குறைவாக இருந்தது ‘பி’. அதையே வாங்கினார். லதீஃப் பாய் தோளைக் குலுக்கிவிட்டு பில் போட்டார்.

பிறகு இரண்டு வாரம் கேமரா பேச்சே இல்லை. எங்கள் ஆபீஸுக்குள் கேமரா கொண்டுவரக் கூடாது என்பதால் நானும் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போலாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வராந்தாவில் உட்கார்ந்தார்.

“இந்தக் கேமரா லேட்டா எடுக்கறது, தனசிங்.”

“லேட்டுன்னா?”

“நான் அழுத்தறேன். அது யோசிக்கறது. அப்பறம் எடுக்கறது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோயிடறது.”

வாங்கிப் பார்த்தேன். அறுபது எழுபது படம். எல்லாவற்றிலும் கல்பகம். சமையலறைக் கதவருகே, துணி உலர்த்தும் கொடியருகே, டெலிஃபோன் பக்கத்தில், ஹம்ஸினியோடு சோபாவில். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கை வாயைப் பொத்தியிருந்தது. இல்லாவிட்டால் முகம் பாதி திரும்பியிருந்தது. ஏதோ நடந்து முடிந்த இடத்துக்குப் போலீஸ் வந்து எடுத்த படங்கள் மாதிரி இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன சார் இது, மாமியை விரட்டி விரட்டி எடுத்திருக்கீங்க?”

அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகுதான் சொன்னார். சொல்ல அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்பகத்துக்கு இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி. ஒரு வருடமாக இருந்து, இப்போது பெரிதாகிவிட்டது. புற்று இல்லை, ஆனால் எடுத்துத்தான் ஆக வேண்டும். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டிக்குள் நுழைந்து போகிறது. கட்டியை எடுக்கும்போது நரம்புக்கு அடிபடலாம், படாமலும் போகலாம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். பட்டால் இடது பக்கம் வாய் தொங்கிவிடும். கண்ணைக்கூட முழுக்க மூட வராது. சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வரும். சில பேருக்கு ஆறு மாதத்தில் சரியாகும், சில பேருக்கு அப்படியே நின்றுவிடும். ஆபரேஷனுக்கு இன்னும் பதினொரு நாள்.

“ஆல்பம் முழுக்கப் பாத்துட்டேன். கல்யாணத்துலேந்து இன்னிவரைக்கும். எல்லாத்துலயும் விறைச்சுண்டு நிக்கறா. சிரிச்ச மாதிரி ஒண்ணுகூட இல்லை. ஒண்ணு வேணும் தனசிங். முன்னாடி எப்படி இருந்தான்னு எனக்கு ஒண்ணு வேணும்” என்றார்.

 எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

“இதை லதீஃப் பாய்கிட்ட சொல்லித் தொலைச்சிருந்தா என்ன சார்? மனுஷன் என் கண்ணு முன்னாடி அழுத்திக் காட்டினாரே! ஜெனரல் பர்பஸாம், ஜெனரல் பர்பஸ்! இதென்ன ராணுவ ரகசியமா?”

“ஸ்பெசிஃபிகேஷன்ல விட்டுப்போச்சு” என்றார். உண்மையாகவே அப்படித்தான் சொன்னார்.

அப்போதே இரண்டு பேரும் அபிட்ஸுக்குக் கிளம்பினோம். வெள்ளிநிறக் கேமரா விற்றுப்போயிருந்தது. அடுத்த சரக்கு வர ஒரு மாதமாகும். வாங்கினதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றார் லதீஃப் பாய். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே, “சாப், இதுல என்னதான் பிடிக்கப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வெங்கடகிருஷ்ணன் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

“மேரா வைஃப் கா ஆபரேஷன் ஹை” என்றார் தன்னுடைய ஓட்டை இந்தியில். கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். “அதுக்கு முன்னாடி, அவ ஹஸ்னா சாஹியே.” அவள் சிரிக்க வேண்டும் என்று.

லதீஃப் பாய் ஸ்டூலிலிருந்து இறங்கினார். “பைலே போல்னா தா நா, சாப்” என்றார். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. அதை என்னைப்போல் கத்திச் சொல்லவில்லை, மெதுவாகச் சொன்னார். அப்புறம் வெங்கடகிருஷ்ணனின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கேமராவின் பட்டன் மேல் வைத்து, பாதி மட்டும் அழுத்த வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. “ஆதா தபாகே ருகோ. பூரா நக்கோ.” பாதி அழுத்திக்கொண்டு காத்திருங்கள், யோசிக்கிற வேலையைக் கேமரா முதலிலேயே முடித்துவிடும், அவர் சிரிக்கும்போது மீதியை அழுத்துங்கள், உடனே எடுக்கும். பதினாலு கட்டத்திலும் இல்லாத சங்கதி இவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க அவர் பாதி அழுத்தப் பழகினார். காலண்டரை எடுத்தார், துளசிச் செடியை எடுத்தார், பால் பாக்கெட்டை எடுத்தார். “ஏன்னா, அந்தப் பால் பாக்கெட்டை எத்தனை தரம் எடுப்பேள்?” என்று கல்பகமே கேட்டாராம். விரல் பழகிவிட்டது. ஆனால் கல்பகம் சிரிக்க வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமை இணைப்பிலிருந்து ஒரு ஜோக்கைப் படித்துக் காட்டியிருக்கிறார். கல்பகம் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, “உடம்பு ஏதும் படுத்தறதா?” என்று கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை ஆபீஸில் ஃபைலைப் பார்த்தபடியே, தலையை நிமிர்த்தாமல் என்னிடம் கேட்டார்.

“தனசிங், கல்பகம் எதுக்குச் சிரிப்பா?”

“இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திட்டு என்கிட்ட கேக்குறீங்களா சார்?”

“சத்தம் கேக்கும். உங்க ஸ்டெல்லா வந்தா கேக்கும், ஹம்ஸினியோட பேசறச்சே கேக்கும். பெரிசாவே சிரிப்பா. நான் உள்ள போனா நின்னுடும். எப்பவுமே அப்படித்தான். அதான் கதவண்டை நின்னு எடுத்துப் பாத்தேன்.”

சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பதினைந்து வருடப் பழக்கம். ஸ்டெல்லாவும் கல்பகமும் வாராவாரம் சந்தைக்குச் சேர்ந்து போகிறவர்கள். கேள்வியைக் கேட்டதும் ஸ்டெல்லா மாவு பிசைகிற கையை நிறுத்திவிட்டாள்.

“அதை என்னத்துக்குக் கேக்குதீய?”

சார் ஒரு சிரிப்புப் படத்துக்காக அலைகிற விஷயத்தைச் சொன்னேன். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். “அக்கா வேற எதுக்குச் சிரிப்பாங்க? சாரை நெனச்சுத்தான் சிரிப்பாங்க. சார் மாதிரியே நடந்து காட்டுவாங்க, பேசிக் காட்டுவாங்க. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு புண்ணாயிரும். அவர் உள்ள வந்தா எப்படிச் சிரிப்பாங்க? அவரத்தானே நக்கல் பண்ணிட்டிருக்காங்க!”

இதைப் போய் அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு ராத்திரி யோசித்தேன். சொல்லாமல் விட்டால் நானும் அவர் ஜாதிதான் ஆவேன் என்று தோன்றியது. மறுநாள் கேன்டீனில் வைத்து அப்படியே சொல்லிவிட்டேன். வெங்கடகிருஷ்ணன் தட்டில் இருந்த தயிர்சாதத்தைக் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. மனதில் பட்டிருக்கும், படாமல் எப்படி? ஏன் சொன்னோம் என்று எனக்கு ஆகிவிட்டது.

“அப்போ நான் அங்க இருக்கப்படாது” என்றார் கடைசியில். “நீங்க எடுங்கோ.”

ஆபரேஷன் புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, நாங்கள் சர்ச்சிலிருந்து வந்த பிறகு, பதினொன்றரை மணிக்குக் கல்பகத்தை எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். அவர் பெட்ரோல் போடப் போகவில்லை, தெருமுனையில் கன்டோன்மென்ட் சுவரோரமாக நிற்கப் போகிறார் என்பது எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் தெரியும். கேமரா என் கையில் இருந்தது. ஏதோ கெட்டுவிட்டது, சார் பார்க்கச் சொன்னார் என்று சொல்லிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்பகம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இடது காது மறைகிற மாதிரி இழுத்து விட்டிருந்தார். காப்பி குடித்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு போனது. அவர் குரலில் பயம் இருந்தது. எனக்கே இது வேண்டாத வேலை என்று தோன்ற ஆரம்பித்தபோது ஸ்டெல்லா ஆரம்பித்தாள்.

“யக்கா, சார் சந்தையில கத்தரிக்கா வாங்கினதச் சொன்னீங்கள்லா, இவுகட்ட சொன்னா நம்ப மாட்டேங்காக.”

“போறுமே ஸ்டெல்லா, உங்காத்துக்காரர் உக்காந்துண்டிருக்கார்.”

“அவுகளுக்குத் தெரியாததா? பக்கத்து மேஜையில்லா!”

“நான் வேணா காதைப் பொத்திக்கறேன் மாமி” என்றேன்.

கல்பகம் என்னைப் பார்த்தார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தாடையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் சமையலறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை காலை அளந்து அளந்து வைத்து நடந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வெங்கடகிருஷ்ணன்தான் நடந்தார். வாங்க வந்த கத்தரிக்காயின் கூடையைக் கடைக்கண்ணால்கூடப் பார்க்காமல் முருங்கைக்காயிடம் போய் நின்று, “இது எந்த ஊர்க் காய்?” என்றார். பூசணிக்காயை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ம்ம், பார்க்கலாம்” என்றார். மூன்றாவது கடையில் கத்தரிக்காய்க்காரி, “சாரு, உங்களுக்கு என்னதான் வேணும்?” என்று கேட்டதும், பதில் சொன்னால் தேசத்துக்கே ஆபத்து என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்துக் கல்பகத்துக்கும் சிரிப்பு பீறிட்டது. கை பின்னால் கட்டியிருந்ததால் வாயைப் பொத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

என் விரல் அதுவரை பட்டனைப் பாதி அழுத்திக்கொண்டு காத்திருந்தது. மீதியை அழுத்தினேன்.

வெங்கடகிருஷ்ணன் தெருமுனையில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தார். கேமராவைக் கையில் கொடுத்தேன். வெயிலுக்கு உள்ளங்கையைக் குடை பிடித்துத் திரையைப் பார்த்தார். படத்தில் கல்பகத்தின் முகம் அண்ணாந்திருந்தது. கண் இரண்டும் கோடாகச் சுருங்கியிருந்தன. இடது கன்னத்தில் இரண்டு மடிப்பு விழுந்து, பல்வரிசை முழுக்கத் தெரிந்தது. தலைப்பு நழுவியிருந்ததில் அந்தக் கட்டியும் தெரிந்தது.

“இப்படியா சிரிப்பா?” என்றார்.

 இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. 

“கையை ஏன் பின்னாடி கட்டிண்டிருக்கா?”

“அது நீங்கதான் சார். நீங்க அப்படித்தான் நடப்பீங்க.”

“நானா?”

“ஹவ் சார்” என்றேன், ஆமாம் என்று.

“செஞ்சு காட்டுங்கோ.”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. அந்தச் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டினேன். முருங்கைக்காய், பூசணிக்காய், பார்க்கலாம், எல்லாம். சைக்கிளில் போன ஒரு ஜவான் கால் ஊன்றி நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனான். வெங்கடகிருஷ்ணன் புதிதாக வந்த சரக்கைப் பரிசோதிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவையும் செய்யச் சொன்னார்.

“என் முன்னாடியே செஞ்சு காட்டியிருக்கலாமே அவ” என்றார்.

“செஞ்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

யோசித்தார். “ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். பிறகு கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மனைவியைக் கூட்டிப்போக ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஆபரேஷன் மூன்றரை மணி நேரம் ஆனது. கட்டி முழுக்க எடுத்தாயிற்று, நரம்பை வெட்டவில்லை, ஆனால் கட்டியிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது, எப்படி வேலை செய்கிறது என்று நாளைக்குத்தான் தெரியும் என்றார் சர்ஜன். அவர் தெலுங்குக்காரர், நாற்பது வயதுகூட இருக்காது. மறுநாள் காலை வார்டுக்கு நானும் ஸ்டெல்லாவும் போனபோது அவரும் ரவுண்டுக்கு வந்திருந்தார். ஹம்ஸினி தலைமாட்டில் நின்றிருந்தாள். கல்பகத்தின் தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது.

நெற்றியைச் சுருக்கச் சொன்னார் சர்ஜன். சுருக்கினார். கண்ணை மூடச் சொன்னார். இடது கண் மெதுவாக மூடியது. “இப்போ நவ்வண்டி அம்மா” என்றார். சிரியுங்கள் என்று.

கல்பகம் விறைத்துவிட்டார். சுற்றி நிற்கிற எல்லோரும் தன் வாயையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஆல்பம் முழுக்க இருந்த அதே முகம். சர்ஜன் மறுபடி கேட்டார். “மம்மி, ட்ரை கரோ நா” என்றாள் ஹம்ஸினி, குரல் உடைந்து. வலதும் அசையவில்லை, இடதும் அசையவில்லை. பயத்தில் அசையவில்லையா, நரம்பு போய்விட்டதா என்று யாருக்குத் தெரியும்? சர்ஜன் நர்ஸ் கையிலிருந்த சீட்டை வாங்கி ஏதோ எழுத ஆரம்பித்தார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

ஜன்னலோரம் நின்றிருந்த வெங்கடகிருஷ்ணன் நகர்ந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தாடையைத் தூக்கினார். கட்டிலின் கால்மாட்டில், ஆறு நோயாளிகளும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் இருந்த அந்தப் பொது வார்டில், காலை அளந்து அளந்து வைத்து நடந்தார். தினமும் அவர் நடக்கிற நடைதான். ஆனால் அன்றைக்கு அதைக் கல்பகம் நடப்பதுபோல் நடந்தார். பக்கத்துக் கட்டில் மேஜையில் இருந்த ஆப்பிளிடம் போய் நின்று, “இது எந்த ஊர்க் காய்?” என்றார். அந்தக் கட்டில்காரர் திருதிருவென்று விழித்தார். சலைன் பாட்டிலை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ம்ம், பார்க்கலாம்” என்றார். கடைசியாக சர்ஜனிடம் வந்து, அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கடைக்கண்ணால்கூடப் பார்க்காமல் அவருடைய செருப்பின் விலையைக் கேட்டார்.

கல்பகத்தின் கண் அகலமாகத் திறந்துகொண்டது. “ஐயையோ, யார் சொன்னா உங்களுக்கு?” என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வாய் தன்னால் திறந்துகொண்டது. வலது ஓரம் மேலே போனது. இடது ஓரம் துடித்தது, நின்றது, அப்புறம் அதுவும் போனது. வலதைவிடக் கொஞ்சம் கீழேதான், ஆனால் போனது. கையில் ஊசி குத்தியிருந்ததால் அவர் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. புருஷனை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தார்.

“சாலு சார், சாலு” என்றார் சர்ஜன். போதும் என்று. நரம்பு வேலை செய்கிறது என்று சீட்டில் எழுதிக்கொண்டார்.

“போறும்னா! தையல் வலிக்கறது, நிறுத்துங்கோ!” என்று கல்பகம் சிரித்துக்கொண்டே கெஞ்சினார்.

வெங்கடகிருஷ்ணன் ஜன்னல்வரை போனார். நின்று திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நடந்து வந்தார்.